சகோதர யுத்தம்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

(பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்பு ஆசிரியர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சரித்திரம் சொல்லிக் கொடுக்கும் இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சங்க நண்பர்கள் என்னை அழைத்தார்கள். நான் பெரிய சரித்திரப் பண்டிதன் அல்ல. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பட்டணத்துப் பள்ளியில் பல வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் அண்மையில் ஒரு பையன் கேட்ட கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கிள்ளானில் ஒரு மாலை வகுப்பு. பதினான்கு வயதுப் பையன். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய படம் ஒன்றைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்திருந்தான். "சார், ஒரே நாட்டுக்காரங்க ஒருத்தர ஒருத்தர் எதுக்கு சார் சுட்டுக்கிட்டாங்க?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் முன் வரிசைப் பெண் எழுந்து, "வடக்குக்கும் தெற்குக்கும் ஒத்துப்போகலை, அதான்" என்றாள். பையன் விடவில்லை. "பினாங்குக்காரனுக்கும் ஜொகூர்க்காரனுக்கும்தான் ஒத்துப்போகலை. பந்து விளையாட்டுன்னா கத்துறான். துப்பாக்கியா எடுக்கிறான்?" என்றான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் தோழர்களே, அந்தப் பையன் பெரிய பெரிய புத்தகங்கள் நழுவவிடும் இடத்தைப் பிடித்துவிட்டான். வடக்கு, தெற்கு, மலைநாடு, கடலோரம் என்ற பேதம் எந்த நாட்டில் இல்லை? ஊருக்கு ஊர் பேச்சு மாறும், சோறு மாறும், சாமி மாறும். அதனால் மட்டும் அண்ணன் தம்பியைக் கொல்வதில்லை. அப்படியானால் அந்தப் பேதத்தின்மேல் வேறு என்ன வந்து ஏறுகிறது? அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே நம் வேலை.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். உழைத்தவர் யார்? பலனை எடுத்தவர் யார்? சட்டம் யார் கையில் இருந்தது? எந்த யுத்தத்தைப் பற்றிச் சொன்னாலும் இந்த மூன்றையும் கேட்கப் பழக்குங்கள். தேதிகளை மறந்தாலும் பிள்ளை இதை மறக்காது.

கிள்ளான் ஆற்றங்கரையில்

அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும் முன் நம் வாசலிலிருந்து தொடங்குங்கள். உள்நாட்டுப் போரை மலாய் மொழியில் "பெராங் சவுடாரா" என்கிறார்கள், சகோதரர் போர். அப்படி ஒரு போர் நாம் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே 1867 முதல் 1874 வரை நடந்தது. கிள்ளான் பட்டணத்தில் ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய கிடங்கு இன்னும் நிற்கிறது. மேட்டின்மேல் ராஜா மஹாடியின் கோட்டை வாசல் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். செலவு பஸ் காசுதான்.

அக்காலத்துச் சிலாங்கூர் ஒரே கட்டான நாடு அல்ல. கிள்ளான், லங்காட், கோலசிலாங்கூர், லூக்குட் என்று ஆற்றுக்கு ஆறு ஒரு தலைவர். மேலே மலையடியில் ஈயம். கீழே ஆற்று முகத்தில் சுங்கம். ஆற்று வாயை யார் பிடித்திருக்கிறாரோ அவர் பணக்காரர். ராஜா அப்துல்லா 1857இல் 87 சீனத் தொழிலாளரை ஆற்றுவழியே அம்பாங்குக்கு ஈயம் தோண்ட அனுப்பினார். கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலும் காடும் அவர்களைத் தின்றுவிட்டன. மிஞ்சியவர் 18 பேர். பிறகு வேறு ஆட்களை அனுப்பினார்கள். அன்று சுரங்கத்துக்கு வந்த சீனத் தொழிலாளர் பலர் கடனுக்குக் கப்பல் ஏறியவர்கள். கூலியில் கடன் கழியும்வரை கைகால் கட்டப்பட்டவர் மாதிரிதான். கோலாலம்பூர் பிறந்த கதை இது. மாடமாளிகையைக் காட்டும் போது அந்த 87 பேரையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள்.

முன்பு ராஜா மஹாடியின் தந்தை கையில் இருந்த கிள்ளான், ராஜா அப்துல்லாவிடம் போயிருந்தது. மஹாடிக்கு மனத்தாங்கல். சுங்க வசூலை வெளியூர் வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டபோது, அபின் சரக்குக்கு வரி கட்ட மாட்டேன் என்று மஹாடி மறுத்தார். 1867இல் கிள்ளானைப் பிடித்தார். சுல்தான் அப்துல் சமாட் தம் மருமகன் கெடா தெங்கு கூடினை 1868இல் நிர்வாகத்துக்கு நியமித்தார். சீனர்களும் இரு கூட்டமாகப் பிரிந்து இரு பக்கமும் சேர்ந்தார்கள். 1872இல் கோலாலம்பூர் எரிந்து சாம்பலாயிற்று. 1873இல் பகாங் படையின் உதவியோடு மீட்கப்பட்டது. 1874இல் பிரிட்டிஷ் ஆலோசகர் வந்து உட்கார்ந்தார். தலைவர்கள் ஆற்று வாய்க்காகச் சண்டையிட்டார்கள். கடைசியில் ஆறு மூன்றாம் ஆள் கைக்குப் போயிற்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிள்ளான் போர் அடிமைத்தனத்தால் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அது உண்மையல்ல. அது பங்குச் சண்டை, பிரதேசச் சண்டை. ஆனால் நம் மூன்று கேள்வியைப் போட்டுப் பாருங்கள். உழைத்தவர் சுரங்கத்தில், பலன் ஆற்று வாயில், சட்டம் வாள் கையில். உழைத்தவனைக் கேட்டு யாரும் போரைத் தொடங்கவில்லை. எரிந்ததோ அவன் குடிசை. இதை முதல் பாடமாக வையுங்கள். பிரதேசச் சண்டை ஏழு வருஷத்தில் ஓய்ந்தது. பிரதேசப் பேதத்தோடு அடிமைத்தனமும் கலந்தால் என்ன ஆகும் என்பது இரண்டாம் பாடம். அதற்குத்தான் அமெரிக்கா.

பருத்தியும் விலங்கும்

ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களை அமெரிக்கத் தோட்டக்காரர்கள் விலைக்கு வாங்கி விற்றார்கள். தொடக்கத்தில் வடக்கிலும் அடிமைகள் இருந்தனர். வடக்கு மாநிலங்கள் படிப்படியாக அந்த முறையை விட்டன. தெற்கிலும் அது தேயும் என்று சிலர் நினைத்தனர். ஆனால் 1793இல் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் யந்திரம் வந்தது. பருத்தி பொன்னாயிற்று. பொன் விளையும் நிலத்துக்கு இன்னும் ஆள் வேண்டும், இன்னும் நிலம் வேண்டும். 1860ஆம் வருஷக் கணக்கில் அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். இயந்திரம் வந்தால் தொழிலாளிக்குச் சுமை குறையும் என்று சொல்வார்கள். பருத்தி யந்திரம் சுமையைக் கூட்டியது. இதைக் கேட்டால் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

சட்டம் யார் கையில் இருந்தது? அமெரிக்க அரசியல் சட்டம் 1787இல் எழுதப்பட்டபோது, சட்டசபையில் எத்தனை இடம் என்று கணக்கிட ஒவ்வொரு அடிமையையும் ஐந்தில் மூன்று பங்கு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அவன் தலையை எண்ணி அவன் எசமானுக்கு அதிக இடம்! தோழர்களே, நம் தலையை எண்ணிக் கங்காணிக்குத் தலைக்காசு போன கதை உங்களுக்குத் தெரியும். இது அதைவிடக் கொடியது. இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். பிள்ளைகளே பேசுவார்கள்.

அடுத்து, கரும்பலகையில் அமெரிக்கப் படத்தை வரைந்து நடுவே ஒரு கோடு போடுங்கள். 1820இல் தலைவர்கள் சமரசம் பேசி அப்படித்தான் போட்டார்கள். மேற்கே புதிதாகச் சேரும் நிலத்தில் கோட்டுக்குத் தெற்கே அடிமை முறை இருக்கலாம், வடக்கே கூடாது. நீ உன் பக்கம், நான் என் பக்கம். சண்டை தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

தீரவில்லை. ஏன்? அடிமைத்தனம் வேலிக்குள் நிற்கும் மாடு அல்ல. அடிமைக்குக் கால் இருக்கிறது. அவன் வடக்கே ஓடுவான். 1850இல் ஒரு சட்டம் செய்தார்கள்: ஓடி வந்தவனைப் பிடித்துக் கொடுக்க வடக்கத்தியானும் உதவ வேண்டும், மறைத்து வைத்தால் அபராதம், சிறை. எனக்கென்ன என்று அதுவரை இருந்த வடக்குக் குடியானவன் வீட்டு வாசலுக்கே அடிமைத்தனம் வந்து கதவைத் தட்டியது. 1854இல் பழைய கோட்டையே அழித்து, புதிய பிரதேசங்களில் குடியேறியவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றார்கள். கான்சாஸ் பிரதேசத்தில் இரு பக்கத்தாரும் ஆயுதத்தோடு குடியேறினார்கள், இரத்தம் சிந்திற்று. 1857இல் உச்ச நீதிமன்றம், கறுப்பின மனிதன் அமெரிக்கப் பிரஜையாக முடியாது என்று தீர்ப்பளித்தது. பேச்சு வார்த்தைக்கு இருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பாதி அடிமை, பாதி சுதந்திரம் என்று ஒரு வீடு நிலைத்து நிற்காது என்ற கருத்தை லிங்கன் 1858இல் பேசியது இந்த நிலையில்தான்.

1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். இருக்கிற இடத்தில் அடிமை முறையில் கை வைக்க மாட்டேன், புதிய நிலத்துக்குப் பரவ விடமாட்டேன் என்பதே அவர் சொன்னது. அதுவே தெற்குக்குப் பொறுக்கவில்லை. டிசம்பரில் தென் கரோலினா விலகியது. கடைசியில் 11 மாநிலங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரலில் முதல் பீரங்கி வெடித்தது. 1865 ஏப்ரலில் தென்படைத் தலைவர் லீ சரணடைந்தார். நான்கு வருஷத்தில் மாண்ட போர்வீரர்கள் ஆறு இலட்சத்துக்கு மேல்.

மாநில உரிமைக்காகத்தான் போர், அடிமைத்தனத்துக்காக அல்ல என்று சிலர் எழுதுவார்கள். பிள்ளை அதையும் எங்காவது படித்துவிட்டு வருவான். அவனுக்குப் பதில் சொல்லச் சுலபம். மிஸிஸிப்பி மாநிலம் விலகியபோது, தன் நிலை அடிமை முறையோடு முழுதும் பிணைந்தது என்று தன் அறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது. எந்த உரிமைக்காக என்று கேட்கச் சொல்லுங்கள். மனிதனைச் சொத்தாக வைத்துக்கொள்ளும் உரிமைக்காக.

அதே சமயம் வடக்கு நல்லவன், தெற்கு கெட்டவன் என்று கூத்து மேடைக் கதையாகவும் சொல்லாதீர்கள். தெற்குப் பருத்தியில் வடக்கு ஆலைக்காரனும் வங்கிக்காரனும் இலாபம் எடுத்தார்கள். தெற்கில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட வெள்ளைக் குடும்பங்களிடம் ஒரு அடிமைகூட இல்லை. அவர்கள் ஏன் துப்பாக்கி தூக்கினார்கள்? நல்ல கேள்வி. "நீ ஏழைதான், ஆனாலும் அவனுக்கு மேலே ஒரு படி" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு படிக்காக அவன் உயிரையே கொடுத்தான். இந்தப் படி நம் லயத்திலும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

விடுதலையை லிங்கன் ஒருவரே தட்டில் வைத்துக் கொடுத்ததாகவும் சொல்லாதீர்கள். பிரடெரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது எசமானி எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். படித்தால் அடிமையாக இருக்க மாட்டான் என்று எசமான் தடுத்துவிட்டான். அதைக் கேட்ட சிறுவனுக்கு விடுதலைக்கு வழி எது என்று தெரிந்துவிட்டது. ஒளிந்து ஒளிந்து படித்தார், 1838இல் தப்பினார், பத்திரிகாசிரியரானார். போரில் வடபடையில் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் கறுப்பினத்தவர் சேர்ந்து போராடினார்கள். இன்னொன்றும் சங்கத்தார் மறக்கக் கூடாது. பருத்தி வராமல் இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகள் மூடின, தொழிலாளர் பட்டினி. அந்த நிலையிலும் 1862 டிசம்பர் 31இல் மான்செஸ்டர் தொழிலாளர் கூட்டம் கூடி, அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் எழுதியது. மறுமாதமே லிங்கன் பதில் எழுதினார். எல்லாத் தொழிலாளரும் அப்படி நினைத்தார்கள் என்று சொல்லவில்லை. பசித்த வயிற்றோடு சிலராவது அப்படி நின்றார்களே, அது போதும்.

1865 டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கிடைக்கவில்லை. முன்னாள் அடிமை அதே நிலத்தில் பங்குக்கு உழுதான். கடைக்காரன் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. தெற்கில் ஓட்டும் பிடுங்கப்பட்டது. அதைக் காக்க உறுதியான சட்டம் வர 1965 ஆயிற்று. விலங்கு உடைந்தாலும் கடன் புத்தகம் இருந்தால் பாதி விலங்கு மிச்சம்.

பக்கத்துத் தீவு

மூன்றாம் பாடம் நமக்கு மிகவும் அருகில். இலங்கை. இந்தப் பிரிக்பீல்ட்ஸில் நின்று இலங்கையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ரயில்வேயிலும் சர்க்கார் கந்தோரிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்தார் வந்து குடியேறிய இடம் இது. அதே இலங்கையின் மலைநாட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம்மைப் போன்ற கூலிகள் போனார்கள். காட்டை வெட்டிக் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் போட்டார்கள். அங்கே "துண்டு" என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவன் நகரலாம். கடனோடு மனிதனும் கைமாறினான். 1921இல்தான் அது ஒழிந்தது.

தீவு 1948இல் சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் ஓட்டும் போயிற்று. 1947 தேர்தலில் ஏழு பேரைச் சபைக்கு அனுப்பிய சமூகம் ஒரே அடியில் வாயடைக்கப்பட்டது. அப்போது எத்தனை பேர் "அது மலைநாட்டான் பாடு, நம் பாடு அல்ல" என்று இருந்தார்கள்! அப்படி இருக்க மறுத்தவர்களில் ஒருவர் செல்வநாயகம். நம் ஈப்போவில் 1898இல் பிறந்தவர். இன்று அவர்களுக்கு வந்தது நாளை நமக்கும் வரும் என்று எச்சரித்து, கட்சியை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

நாளை வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம். 1958இல் கலவரம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம்: ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் தோட்டத் தமிழர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பது போல் பிரித்தார்கள். 1983 ஜூலையில் பெருந்தீ. பிறகு 2009 மே வரை போர். வடக்கும் கிழக்கும் தரைமட்டமாயின. சிங்களத் தாயும் பிள்ளையை இழந்தாள், தமிழ்த் தாயும் இழந்தாள்.

இங்கும் உண்மையை உண்மையாகச் சொல்லுங்கள். அந்தப் போர் தோட்டக் கூலிகளால் வந்த போர் அல்ல. அதன் காரணங்கள் பல: மொழி, நிலம், வேலை, படிப்பு, கொலைகளுக்குப் பழி. ஆனால் ஒரு நாட்டின் ஜனங்களில் ஒரு பகுதியைச் சட்டத்தால் வெட்டி எறியலாம் என்ற பழக்கம் எங்கே தொடங்கியது? கடனில் கட்டுண்டு வந்த, பேச ஆளில்லாத, தேயிலைக் கொழுந்து பறிப்பவளிடம் தொடங்கியது. அவளிடம் ஒத்திகை பார்த்தபின் மற்றவர் மேல் பாய்வது எளிதாயிற்று. மலைநாட்டில் மிஞ்சியிருந்த நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் லயத்தில்

இனி நம் கதை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை 1834இல் ஒழிந்தது. நஷ்டஈடாக இரண்டு கோடி பவுன் கொடுத்தார்கள். அடிமைக்கு அல்ல, எசமானுக்கு! பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். மலாயாவில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும் அப்படி வந்தார்கள். ஒப்பந்தத்தை மீறினால் ஜெயில். நம் பூட்டன்மார் விற்கப்பட்ட அடிமைகள் அல்ல. அப்படி மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். ஆனால் முழுச் சுதந்திர மனிதர்களும் அல்ல. ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி ஆள்கட்டும் முறை 1938இல் இந்திய சர்க்கார் தடையால் நின்றது.

1941இல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு என்றார்கள். அந்தக் கோரிக்கைகளில் ஒன்று பிள்ளைகளுக்கு விசித்திரமாக இருக்கும்: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டார்கள்.

தோழர்களே, துரை மட்டும் அல்ல, கிராணியும் அந்தக் கோரிக்கையில் இருந்தார். என் தகப்பனாரின் தகப்பனார் கிராணி. என் தாயாரின் தகப்பனார் பால்வெட்டுக்காரர். இவர் நடந்து வர, அவர் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நின்ற காலம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் என் பெற்றோர் கலியாணத்தில் இரு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை என்று என் அம்மா சொல்வார். இரண்டு பேரும் தமிழர். இரண்டு பேரும் அதே துரைக்குச் சலாம் போட்டவர்கள். கிராணி பேர் செக்ரோல் எழுதியதற்குச் சம்பளம், வெட்டுக்காரன் பேர் செக்ரோலில் எழுதப்பட்டதற்குக் கூலி. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு படி இருந்ததே! அமெரிக்கத் தெற்கில் ஏழை வெள்ளையன் காத்த அதே படி. மேலே இருப்பவன் நம்மைப் பிரிக்கச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரு படியைக் கட்டிக் கொடுத்தால் போதும், காவலை நாமே காத்துக்கொள்வோம்.

இது பழங்கதை, தோட்டமே துண்டாடி வீடாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? இன்று பால்மரத்தில், செம்பனையில், கையுறை ஆலையில் யார் வேலை செய்கிறார்? வங்காளதேசத்தான், நேப்பாளத்தான், இந்தோனேசியாக்காரன். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வருகிறான். கடன் கழிய வருஷங்கள். அவன் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொண்டால் அது 1966ஆம் வருஷப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்; ஆனாலும் நடக்கிறது. 2020 ஜூலையில், கிள்ளான் வட்டாரத்திலும் ஆலைகள் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் ரப்பர் கையுறைகளை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தது. கடனில் கட்டுண்ட உழைப்பு என்று காரணம் சொன்னது. நிறுவனம் தொழிலாளர் கொடுத்த ஏஜெண்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. அதாவது, கேட்க ஆள் இருந்தால் கடன் புத்தகம் கிழியும். 2022இல் நம் நாடு கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழில் ஸ்தாபன ஒப்பந்தத்தையும் ஏற்றது. நல்லது. ஆனால் கையெழுத்து போட்டால் மட்டும் லயத்தில் வெளிச்சம் வராது.

அந்தப் பையன் கேள்வி கேட்ட வகுப்பிலேயே, வேறொரு நாள், ஒரு சிறுவன் ஜன்னலுக்கு வெளியே போன வங்காளதேசத் தொழிலாளியைக் கேலிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. "உன் பாட்டனை இந்த ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வீட்டில் கேட்டுக்கொண்டு வா" என்றேன். மறுவாரம் வந்தான். கேட்டானாம். பாட்டி முதலில் சொல்ல மாட்டேன் என்றாராம், பிறகு சொன்னாராம். அந்தப் பெயரை அவன் வகுப்பில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது

ஆகவே ஆசிரியத் தோழர்களே, என் வேண்டுகோள் இதுதான். உள்நாட்டுப் போரைப் போர்க்களத்திலிருந்து தொடங்காதீர்கள். வயலிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வரட்டும்: எப்படி வந்தீர்கள், யாருக்குக் கடன்பட்டிருந்தீர்கள், யாரைக் கண்டு ஒதுங்கி நின்றீர்கள்? அந்த நோட்டுகளை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். கிராணி வீட்டுப் பிள்ளையின் நோட்டையும் வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையின் நோட்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கரும்பலகையில் 1820ஆம் வருஷக் கோட்டைப் போடுங்கள். நீங்கள் விளக்கவே வேண்டாம்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அயல்நாட்டுத் தொழிலாளி சங்கத்தில் சேரச் சட்டம் இடம் கொடுக்கிறது. சேர்த்துக்கொள்ள நம் மனம் இடம் கொடுக்கிறதா? அவன் குறைந்த கூலிக்கு வருவதால் நம் கூலி தாழ்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவன் கட்டுண்டு இருப்பதால்தான் குறைந்த கூலிக்கு வருகிறான். 1941இல் நம் மூத்தவர்கள் சீனத் தொழிலாளியின் கூலியைக் குறை என்று கேட்கவில்லை. அந்தக் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். அந்த அறிவை நாம் இழந்துவிடக் கூடாது.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதிலைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். "தம்பி, ஒத்துப்போகாததால் சுட்டுக்கொள்ளவில்லை. ஒருவன் உழைப்பை இன்னொருவன் பிடுங்கித் தின்று பழகிவிட்டான், அதைச் சட்டமாக்கினான், சட்டத்தைக் காக்கக் கோடு போட்டான், கோட்டைக் காக்கத் துப்பாக்கி எடுத்தான்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "அப்போ முதல்லயே யாராச்சும் கேட்டிருந்தா?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சங்கம் இருக்கிறது, தோழர்களே. முதலிலேயே கேட்பதற்கு.